பிக்கப்பில் டூல் பாக்ஸ் பொருத்துவது எப்படி?

பிக்கப்பின் பின்தளத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் நான்கு துளை போட்டு, நான்கு போல்ட்டைச் சாதாரண வாஷரோடு முடுக்கிவிட்டால் பெட்டி அசையாமல் நிற்பது போலத்தான் தெரியும். சில மாதம் போனால் துளையைச் சுற்றித் தகடு விரிசல் விடும், துரு இறங்கும். பிறகு ஒரு நாள் விரைவுச்சாலையில் அவசரமாக பிரேக் போடும்போது பெட்டி இடம் பெயரும். 8.8 வலிமைத் தரத்தில் ஒரேயொரு எம்8 (8 மி.மீ. பருமன்) போல்ட் அறுபடுவதற்கே ஏறக்குறைய 3 டன் இழுவிசை வேண்டும். அதனால் போல்ட் அறுந்து பெட்டி கழல்வது அரிது. போல்ட்டைப் பிடித்திருக்கும் தகடுதான் கிழியும். கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் பாதி, பெட்டியின் பாரத்தைத் தகட்டில் பரவலாக இறக்குவதற்கானவை. மீதிப் பாதி தண்ணீரைச் சமாளிப்பதற்கானவை.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், நவாரா போன்ற பிக்கப்புகளுக்கு இது பொருந்தும். 10 அடி லாரிக்கு வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

டிரில்லைத் தொடுவதற்கு முன்

வண்டி யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. சிங்கப்பூரில் நிறைய நிறுவனங்கள் பிக்கப்பையும் லாரியையும் வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்து ஓட்டுகின்றன. குத்தகை வண்டியில் துளை போட்டால், திருப்பிக் கொடுக்கும் நாளில் தளத்தைச் சரிசெய்த செலவு பில்லாக வரும். சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னால் போதாது. வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் கிடைக்காவிட்டால் துளையில்லாத முறைக்குப் போய்விடுங்கள். அதுவும் கீழே இருக்கிறது.

அடுத்தது எடை. வண்டியின் பக்கவாட்டில் காலி எடையும் அதிகபட்ச மொத்த எடையும் எழுதியிருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: காலி எடை 1,900 கிலோ, மொத்த எடை 2,850 கிலோ என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 950 கிலோ. கேபினில் நான்கு பேர் ஏறினால் 280 கிலோ போயிற்று. கருவிகளோடு பெட்டி 180 கிலோ என்றால், சரக்குக்கு 490 கிலோதான் மிச்சம். சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வண்டி என்றால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகே பெட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

லாரி டெக்கில், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் தளத்தில், ஆட்களை ஏற்றுகிற நிறுவனம் இன்னொரு கணக்கும் போட வேண்டும். டெக்கில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 8 சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்பது விதி. 1,500 மி.மீ. நீளமும் 600 மி.மீ. அகலமும் உள்ள பெட்டி 9.7 சதுர அடியை விழுங்கிவிடும். ஆறு பேர் போய்க்கொண்டிருந்த லாரியில் அதன் பிறகு, டெக்கின் அளவைப் பொறுத்து, ஐந்து பேரோ நான்கு பேரோதான் போகலாம். பெட்டிமேல் ஒருவர் உட்கார்ந்துகொள்ளட்டும் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். அவர் தடுப்புக் கம்பிக்கு மேலே உயர்ந்துவிடுவார்; வண்டி குலுங்கினால் அவரைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது.

பெட்டி கனமாக இருந்தாலோ, சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) கைவைக்க வேண்டியிருந்தாலோ, முன்கூட்டியே நிலப் போக்குவரத்து ஆணையத்திடமோ நீங்கள் வழக்கமாகப் போகும் பரிசோதனை நிலையத்திடமோ கேட்டுவிடுங்கள். 10 ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனை உண்டு. அங்கே போய் நின்ற பிறகு பெட்டியைக் கழற்றச் சொன்னால் ஒரு நாள் வேலை கெடும்.

எந்தப் பெட்டி

கடையில் மூன்று வகை கிடைக்கும்: அலுமினிய செக்கர் பிளேட் (மேற்புறம் மேடு வரி போட்ட தகடு), கால்வனைஸ் செய்த இரும்பு, ஸ்டெயின்லெஸ். எடையில் பெரிய வித்தியாசம் உண்டு. 1,200 x 500 x 500 மி.மீ. பெட்டிக்கு ஏறக்குறைய 2.9 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். 2 மி.மீ. அலுமினியத்தில் தகடு மட்டும் 16 கிலோ, 1.5 மி.மீ. இரும்பில் 34 கிலோ. கீல், பூட்டு, மூலைச்சட்டம் எல்லாம் இதற்கு மேல். எங்கள் பரிந்துரை 2 மி.மீட்டருக்குக் குறையாத அலுமினியம். 1.2 மி.மீட்டரில் மலிவாக வருவது பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் ராட்டரி ஹாமரை உள்ளே போட்டு இரண்டு வாரம் சைட்டுக்குப் போய்வந்தால் அடித்தகடு தொப்பை போடும்.

ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்குவதானால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: தகட்டின் தடிமன், மூலைகள் முழுநீளம் வெல்டிங்கா புள்ளி வெல்டிங்கா, மூடியின் ரப்பர் எந்த வகை, பூட்டின் சாவி எண் என்ன. கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றாது. மலிவான டி-கைப்பிடிப் பூட்டுகள் பலவற்றில் சாவி எண் ஒன்றாகவே இருக்கும்; பக்கத்து வண்டிக்காரரின் சாவி உங்கள் பெட்டியையும் திறக்கும். அப்படி இருந்தால் பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது கூடுதலாக ஒரு கொண்டி வைத்து ஆமைப்பூட்டு போடுங்கள்.

அளவு எடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். டபுள் கேபின் பிக்கப்பின் பின்தள உள் அகலம் 1.5 மீட்டர் வாக்கில் இருக்கும். ஆனால் இரண்டு சக்கர வளைவுகளுக்கு நடுவே 1.1 மீட்டர்தான். 1,200 மி.மீ. பெட்டி குறுக்காக உட்கார வேண்டுமானால் வளைவுகளுக்கு முன்னால், கேபின் சுவரை ஒட்டித்தான் இடம். ஆகவே கேபின் சுவரிலிருந்து சக்கர வளைவு தொடங்கும் இடம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். அது பெட்டியின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் பெட்டி வளைவின்மேல் ஏறி நிற்கும். உயரம், கேபினின் பின்கண்ணாடிக்குக் கீழே நிற்க வேண்டும். கேபின் உச்சியில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கையும் மறைக்கக் கூடாது. மூடி திறக்கும்போது மேலே போகும் உயரத்தையும், கண்ணாடியில் இடிக்குமா என்பதையும் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்க அளவில் வரும் குறுக்குப் பெட்டிகள் அங்கத்திய பெரிய பிக்கப்புகளுக்குச் செய்தவை. அவை ஹைலக்ஸின் பக்கச்சுவர் விளிம்பில் சரியாக உட்காராது.

எங்கே வைப்பது

பின்னச்சுக்கு முன்னால், கேபின் சுவரோடு சேர்த்து. இதற்கு இரண்டு காரணம். பின்னச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரத்தின் பிடி குறையும். மழைச் சாலையில் ஸ்டீயரிங் இலேசாகிவிடும். இரண்டாவது, பிரேக் போடும்போது பெட்டி முன்னோக்கித்தான் தள்ளும். சரக்கைக் கட்டுவதற்கான கணக்கில் மொத்த எடையின் 80 விழுக்காட்டு விசை முன்னோக்கியும், 50 விழுக்காடு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் வரும் என்று எடுத்துக்கொள்வார்கள். 180 கிலோ பெட்டிக்கு அது 144 கிலோ. பெட்டி கேபின் சுவரை ஒட்டி இருந்தால் அந்த விசையில் பெரும்பகுதியைச் சுவர் வாங்கிக்கொள்ளும். அரை அடி இடைவெளி விட்டு வைத்தால், பெட்டி ஓடிவந்து மோதும் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். முழுதாக ஒட்ட வேண்டாம். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 10 மி.மீ. கெட்டி ரப்பர் பட்டை வைத்தால் உரசலும் இருக்காது, தண்ணீரும் வடியும்.

10 அடி லாரியில் டெக்கின் முன்பக்கத் தடுப்பை ஒட்டி வைக்கலாம். டெக் இடம் வேண்டும் என்றால் டெக்குக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தொங்கும் பெட்டி நல்லது. பக்கத் தடுப்புக் கதவில் மட்டும் எதையும் பொருத்தாதீர்கள். அது திறந்து மூடுவதற்கானது. அதன் கீலும் கொக்கியும் பாரம் தாங்க வந்தவை அல்ல.

வாங்க வேண்டியவை

நான்கு இடத்தில் பிடிக்கும் ஒரு பெட்டிக்கு:

- எம்8 x 50 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் 4, உருண்டைத் தலை உள்ளது
- எம்8 நைலான் லாக் நட் 4. கூடவே 2 வாங்கி வையுங்கள்
- 30 மி.மீ. வெளிவட்டம் உள்ள பெரிய வாஷர் 4, பெட்டிக்கு உள்ளே போட
- 50 x 50 x 5 மி.மீ. அடித்தகடு 4, கால்வனைஸ் அல்லது ஸ்டெயின்லெஸ், நடுவில் 9 மி.மீ. துளையோடு
- 5 மி.மீ. கெட்டி ரப்பர், 100 x 100 மி.மீ. துண்டு 4
- தளத்தின் பள்ளத்தை நிரப்பும் அலுமினியக் கட்டை 4
- பாலியூரித்தேன் சீலன்ட் 1 குழாய், சிக்காஃப்ளெக்ஸ் வகை
- துத்தநாக பிரைமர் 1 சிறிய டின்
- போல்ட் மரையில் தடவும் ஆன்டி-சீஸ் பசை, சிறிது

பெட்டியும் கருவிகளும் மொத்தம் 150 கிலோவைத் தாண்டும் என்றால் போல்ட்டை ஆறாக்குங்கள். எம்10க்குப் போவதைவிட இடங்களைக் கூட்டுவது நல்லது. தகட்டைக் காப்பாற்றுவது போல்ட்டின் பருமன் அல்ல, பாரம் இறங்கும் பரப்பு. சாதாரண எம்8 வாஷரோடு ஒப்பிட்டால் மேலே சொன்ன அடித்தகடு பத்து மடங்குக்கும் அதிகமான பரப்பில் பிடிக்கும்.

சில பட்டறைகளில் ரிவெட் நட் (மேலிருந்தே துளையில் நுழைத்துத் தகட்டோடு நசுக்கிப் பிடிக்கும் நட்டு) போட்டுத் தருகிறோம் என்பார்கள். அடியில் கை நுழையாத இடத்துக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ளுங்கள். மெல்லிய தகட்டில் ரிவெட் நட் நாளடைவில் சுழலத் தொடங்கும். சுழன்றுவிட்டால் போல்ட்டைக் கழற்றவும் முடியாது, முடுக்கவும் முடியாது. கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டியதுதான்.

அடியில் போய்ப் பாருங்கள்

தளத்துக்கு மேலே நின்று குறித்த புள்ளிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு துளையும் போடக் கூடாது. டீசல் டேங்க், பிரேக் குழாய், பின்விளக்குகளுக்குப் போகும் வயர் கட்டு, சைலன்சர், லீஃப் ஸ்பிரிங் மேலே ஏறி இறங்கும் இடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஸ்பேர் டயரை இறக்கிவிட்டால் பார்க்கவும் கை நுழைக்கவும் வசதி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

மின்சார வண்டியாக இருந்தால் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். பேட்டரி தளத்துக்கு அடியில் இருக்கும். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது உயர் மின்னழுத்தம். விற்ற நிறுவனத்தின் பட்டறையிடமே கொடுத்துவிடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் இரும்பைத் துளைக்கும் சத்தம் எழுந்தால் பத்து நிமிடத்தில் புகார் போகும். நிறுவனத்தின் யார்டில் வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சின் மிங், உபி, காக்கி புக்கிட் பக்கம் இருக்கும் பட்டறையில் இடம் கேளுங்கள். இரண்டு பேர் இருந்தால் அரை நாள் வேலை.

துளை போடுவது

பெட்டியைக் காலியாக வைத்து, இடத்தைச் சரிபார்த்து, மூலையிலிருந்து 60 முதல் 80 மி.மீ. உள்ளே நான்கு புள்ளி குறியுங்கள். மூலைக்கு மிக நெருங்கினால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் வரும். மிக உள்ளே போனால் பெட்டியின் ஓரம் துள்ளும்.

பின்தளம் சமதட்டையாக இருக்காது. மேடும் பள்ளமுமாக வரிவரியாக இருக்கும். பெட்டி மேட்டின்மேல்தான் உட்காரும். போல்ட்டையும் மேட்டில் போட்டால் அடியில் ஒரு குழிவு இருக்கும். அடித்தகடு குழிவின் இரு கரையிலும் முட்டி நிற்க, முடுக்க முடுக்க மேடு நசுங்கும். ஆகவே போல்ட் பள்ளத்தில் இறங்க வேண்டும். அங்கே அடித்தகடு கீழே சப்பென்று ஒட்டும். மேலே பெட்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் நிரப்ப வேண்டும். அதற்குத்தான் அலுமினியக் கட்டை. பள்ளத்தின் ஆழத்தைக் காலிப்பரில் அளந்து, அதற்குச் சரியான தடிமனில் வெட்டுங்கள். கட்டையின் நீளம் 40 மி.மீ. போதும், அகலம் பள்ளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். பள்ளம் முழுவதையும் அடைத்தால் மழைத்தண்ணீர் பின்னால் ஓட வழியில்லாமல் பெட்டிக்கு அடியில் தேங்கும்.

பிளாஸ்டிக் லைனர் போட்ட தளம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. லைனரின்மேல் பெட்டியை வைத்து முடுக்கினால் முதல் நாள் இறுக்கமாக இருக்கும். வெயிலில் பிளாஸ்டிக் இளகி அமுங்க, ஒரு வாரத்தில் போல்ட் தளர்ந்துவிடும். போல்ட் வரும் இடத்தில் 60 மி.மீ. ஹோல் சாவால் லைனரை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து, கட்டை நேராகத் தகட்டில் நிற்கும்படி செய்யுங்கள். லைனரின் தடிமனையும் கட்டையின் உயரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி டிரில். புள்ளியைச் சுற்றி மறைப்பு நாடா ஒட்டுங்கள், பிட் வழுக்காது. சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. முதலில் 3 மி.மீ. பிட்; கீழே போய் அது எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். சரியாக இருந்தால் 6, பிறகு 9 மி.மீ. வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாக அழுத்துங்கள். பிட்டில் 15 மி.மீ. தூரத்தில் நாடா சுற்றி அடையாளம் வைத்து, அதற்கு மேல் இறக்காதீர்கள். கண்ணாடி அணியாமல் தொடங்க வேண்டாம். அடியில் படுத்துப் பார்க்கும்போது இரும்புத்தூள் நேராகக் கண்ணில் விழும்.

துளை போட்டதும் வரும் இரும்புச்சீவலை அங்கேயே விடாதீர்கள். இந்த ஊர் ஈரத்தில் ஒரே இரவில் அது துருப்பிடித்துப் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு துடைத்தாலும் போகாத செம்புள்ளிகளாக நிற்கும். ஊதி விடுவதைவிட வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுப்பதே நல்லது.

பிசிறை அரத்தால் நீக்கி, ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, துளையின் உள்விளிம்பு முழுவதும் துத்தநாக பிரைமர் பூசுங்கள். அரை மணி நேரம் காயவிட்டு இரண்டாவது கை. துளை போட்ட விளிம்பில் தொழிற்சாலைப் பூச்சு ஏதும் மிஞ்சியிருக்காது. இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தால் தளம் அந்த இடத்திலிருந்துதான் அரிக்கத் தொடங்கும்.

பெட்டியை இறக்கி முடுக்குவது

அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு நடுவே மழைநீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால்தான் ரப்பர். ரப்பர் துண்டைக் கட்டைமேல் வையுங்கள், அதன்மேல் பெட்டி. கட்டைக்கும் தளத்துக்கும் நடுவே சீலன்ட் படலம் இருக்கட்டும். பெட்டியின் அடியில் மொத்தமாக 5 மி.மீ. இடைவெளி கிடைத்தால் மணலும் சேறும் தங்காமல் குழாயடித்துக் கழுவிவிடலாம்.

துளையைச் சுற்றி வளையமாகச் சீலன்ட் விட்டு, போல்ட்டை உள்ளிருந்து கீழ்நோக்கி இறக்குங்கள். தலை பெட்டிக்குள்ளே, நட்டு அடியில். பெட்டி பூட்டியிருக்கும்போது வெளியிலிருந்து போல்ட்டின் தலையைப் பிடிக்க முடியாது என்பது கூடுதல் பாதுகாப்பு. உருண்டைத் தலை என்பதால் கருவிகளும் கேபிளும் சிக்காது. அடியில் அடித்தகடு, அதற்குக் கீழே நட்டு. அடித்தகட்டின் மேல்முகத்திலும் சீலன்ட் தடவி ஒட்டுங்கள்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று கடித்து இறுகிப்போகும். பாதி வழியில் நின்றுவிட்டால் அறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மரையில் ஆன்டி-சீஸ் தடவுங்கள், இம்பாக்ட் ரெஞ்சைத் தள்ளி வையுங்கள், கை ஸ்பேனர் போதும்.

நான்கையும் முதலில் கைவிரலால் இறுக்குங்கள். பிறகு குறுக்குக் குறுக்காக, சுற்றுக்குக் கொஞ்சமாக முடுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 15 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ரப்பரின் ஓரம் இலேசாகப் பிதுங்கும்போது நிறுத்துங்கள். போல்ட் இன்னும் தாங்கும்தான், ஆனால் மெல்லிய தகடும் ரப்பரும் தாங்காது.

இந்த நேரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். முடுக்குவதற்கு முன் சுகமாகப் பூட்டிய மூடி இப்போது இழுத்துப் பிடித்தால்தான் பூட்டுகிறது என்றால், பெட்டி முறுக்கிக்கொண்டிருக்கிறது. நான்கு கட்டையில் ஏதோ ஒன்று தாழ்வு. எந்த மூலையின் நட்டைத் தளர்த்தினால் மூடி சரியாகிறதோ, அந்த மூலையில் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு கூடுதலாகக் கொடுங்கள். பூட்டை அரத்தால் ராவிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அது பூட்டையும் கெடுக்கும், முறுக்கும் அப்படியே இருக்கும்.

கடைசியாக நட்டு, அடித்தகடு இரண்டையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு. நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். சீலன்ட் ஒரு நாளைக்கு 3 மி.மீ. வாக்கில்தான் உள்ளே காயும். அன்றைக்கே பெட்டியை நிரப்ப வேண்டாம்.

லாரி டெக்கில் செக்கர் பிளேட்டோ கெட்டிப் பலகையோ இருக்கும். பலகை என்றால் அடித்தகட்டை 100 x 100 மி.மீட்டராகப் பெரிதாக்கி, முடிந்தவரை டெக்குக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் போல்ட்டை இறக்குங்கள். சட்டத்திலேயே துளை போடுவதும், சேசிஸில் வெல்டிங் வைப்பதும் கூடாது. வெல்டிங் சூட்டில் சேசிஸ் இரும்பின் வலிமை அந்த இடத்தில் மாறிவிடும். பரிசோதனையிலும் அது கண்ணில் படும்.

துளை போடாமல்

தளத்தில் கயிறு கட்டுவதற்கென்று கம்பெனியே வைத்த கொக்கிகள் இருக்கும். கொக்கியின் போல்ட்டைக் கழற்றி, அதே மரையில் சற்று நீளமான போல்ட்டைக் கொண்டு ஓர் எல் பட்டையைப் பொருத்தி, பட்டையைப் பெட்டியின் பக்கவாட்டில் பிடிக்கலாம். தளத்தைச் சேசிஸோடு பிணைக்கும் பெரிய போல்ட்களை மட்டும் தொடாதீர்கள்.

அதற்கும் வாய்ப்பில்லை என்றால், அடியில் முழுநீள ரப்பர் பாய் விரித்து, பெட்டியைக் கேபின் சுவரோடு நெருக்கி, நான்கு கொக்கிக்கும் தனித்தனியாக ராட்செட் பெல்ட் போடுங்கள். வழவழப்பான லைனரின்மேல் வெறும் பெல்ட் நிற்காது. பாய்தான் பாதி வேலையைச் செய்கிறது. பெல்ட்டைத் தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். 100 கிலோவுக்கு மேல் போகும் பெட்டிக்கு இந்த முறையை நாங்கள் சொல்ல மாட்டோம்.

தண்ணீரும் வெயிலும்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மி.மீட்டருக்கு மேல் மழை. சுமத்ரா காற்று அடிக்கும் அதிகாலைகளில் மழை பக்கவாட்டிலிருந்து மூடியின் இடுக்கைத் தேடி வரும். பொருத்தி முடித்து, சீலன்ட் காய்ந்ததும் பெட்டிக்குள் செய்தித்தாளை விரித்து மூடி, ஐந்து நிமிடம் குழாய்த் தண்ணீரை எல்லாப் பக்கமிருந்தும் அடியுங்கள். திறந்தால் எந்த மூலை ஒழுகுகிறது என்று தாள் சொல்லும். ரப்பர் எங்கே சரியாக அமரவில்லை என்று பார்க்க, மூடி படும் விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்து மூடித் திறங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு விட்டுப்போன இடம்தான் ஓட்டை.

எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே வரும். பகலில் சூடான பெட்டி இரவில் குளிரும்போது உட்சுவரில் நீர் கோக்கும். அதனால் பெட்டியின் அடியில் எதிரெதிர் மூலைகளில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, உள்ளே கம்பி வலை ஒட்டுங்கள். தண்ணீர் தங்கவிடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 20 காசு நாணயம் அளவு தண்ணீர் இருந்தாலே ஏடிஸ் கொசு முட்டையிடும். மூடியின் மேற்குழிவு, பெட்டிக்குப் பின்னால் உள்ள இடுக்கு, தளத்தின் பள்ளம் மூன்றையும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

வெயில் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கார்ட்லெஸ் கருவிகளின் லித்தியம் பேட்டரியை 40 அல்லது 50 டிகிரியைத் தாண்டும் இடத்தில் வைக்கக் கூடாது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். திறந்த வெளியில் நிற்கும் மூடிய உலோகப் பெட்டி நண்பகலில் அந்த அளவைத் தொடும். பேட்டரிகளைக் கேபினுக்குள் விட்டுவைப்பதும் தீர்வு இல்லை, பூட்டிய கேபினும் கொதிக்கும். ஒரு பையில் போட்டுச் சைட்டுக்குள் நிழலுக்கு எடுத்துப் போய்விடுங்கள். பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது.

கேஸ் சிலிண்டர் எதுவும் மூடிய பெட்டிக்குள் போகக் கூடாது. ஏர்கான் வேலைக்காரர்களின் ரெஃப்ரிஜரன்ட் சிலிண்டர், பிரேசிங் கேஸ், வெல்டரின் அசிட்டிலீன், பியூட்டேன் குப்பி எல்லாம் இதில் அடக்கம். ரெஃப்ரிஜரன்ட் சிலிண்டர் 52 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. எரியும் வாயு கொஞ்சம் கசிந்தாலும் பெட்டிக்குள் நிரம்பிக் காத்திருக்கும்; பக்கத்தில் ஒரு பொறி போதும்.

மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்டிரட் இருந்தால், மூடியிருக்கும் நிலையில் அதன் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) நனைத்துக்கொண்டே இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து காற்று போய்விடும். ஒரு நாள் மூடி கையில் விழும்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளைப் பாருங்கள். துவாஸிலிருந்து சாங்கிக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம். ரப்பர் அமர்ந்து கால் சுற்று தளர்ந்திருப்பது இயல்பு. முடுக்கிக் கோட்டைப் புதிதாகப் போடுங்கள். அதே நட்டு அடுத்த வாரமும் தளர்ந்தால் அந்த இடத்தில் லைனரோ தகடோ நசுங்குகிறது என்று அர்த்தம். முடுக்கிக்கொண்டே போகாமல் கழற்றிப் பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை போதும்.

வேகத்தடையில் டக்கென்று சத்தம் வந்தால் முதலில் பெட்டிக்குள் உருளும் கருவிகளைச் சந்தேகியுங்கள். உள்ளே 12 மி.மீ. பிளைவுட்டோ ரப்பர் பாயோ விரித்து, கனமானவற்றைக் கேபின் பக்கமாக அடியில் அடுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். பெட்டியின் போல்ட் துளையிலிருந்து மயிரிழையாக விரிசல் கிளம்பினால் அதன் முனையில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, உள்ளே இருக்கும் வாஷருக்குப் பதிலாக 80 x 80 மி.மீ. அலுமினியத் தகடு கொடுங்கள். தளத்துக்கு அடியில் செந்நிற ஒழுக்கு தெரிந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். மேலே சீலன்ட் பூசி மூடினால் துரு உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்து வண்டி மாறினால் பெட்டியை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். கட்டைகளை மட்டும் புது வண்டியின் பள்ளத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளுங்கள். பெட்டி போன பிறகும் பழைய வண்டி ஓடுவதானால் துளைகளை ரப்பர் மூடியால் அடைக்காதீர்கள், அது தண்ணீர் அடித்துக் கழுவும்போது தெறித்துவிடும். சிறிய எம்8 போல்ட்டும் நட்டும் சீலன்ட்டோடு போட்டு மூடிவிடுங்கள்.